சந்திரனில் தண்ணீரும் மன்னார்க் கடலின் முத்தும்

மன்னார்த் தீவின் மணலுக்கடியிலே நன்னீர் ஆழ்ந்த ஊற்றாகக் கிடப்பதில்லை. வாடைக்காலத்து மழை மணலுக்குள் இறங்கி, கீழே எங்கும் நிறைந்திருக்கும் உப்புநீரின்மேல் மெல்லியதொரு படையாக மிதந்து நிற்க, உப்புக்குளம் முதல் தலைமன்னார் வரையுள்ள மக்கள் தலைமுறை தலைமுறையாக அந்தப் படையிலிருந்தே மொண்டு குடித்து வந்திருக்கிறார்கள். கடல் மட்டத்துக்கு மேலே ஓர் அடி உயரம் நன்னீர் நின்றால், கடல் மட்டத்துக்குக் கீழே ஏறக்குறைய 40 அடி ஆழம்வரை அது உப்புநீரை அமுக்கி வைத்திருக்கும் என்பது நிலத்தடி நீரை ஆராய்ந்தோர் கண்ட பிரமாணமாகும். மேலேயுள்ள ஓர் அடியை இறைத்துவிட்டால் கீழிருந்து 40 அடி உவர் மேலேறும் என்பதும் அதே பிரமாணத்திலிருந்து பெறப்படுவதே. ஆதலால், தண்ணீர் இருக்கிறதா, எவ்வளவு எடுக்கலாம், யார் எடுக்கலாம் என்னும் மூன்று கேள்விகளையும் ஒன்றிலிருந்து ஒன்றைப் பிரித்துக் கேட்க இந்தக் கரையில் வாழ்வோரால் இயலாது. சந்திரனிலே தண்ணீர் உண்டென்று இந்த நூற்றாண்டில் நிச்சயிக்கப்பட்டபோது, அம்மூன்று கேள்விகளும் ஆகாயத்தை நோக்கியும் எழுந்தன. முதற் கேள்விக்குப் பெரும்பாலும் விடை கிடைத்துவிட்டது. மற்றை இரண்டுக்கும் விடை காணவேண்டிய காலம் இதுவாகும்.

இந்தக் கண்டுபிடிப்பிலே நமது கடலின் மறுகரைக்கும் ஒரு பங்கு உண்டு. தலைமன்னாரிலிருந்து மணல்திட்டுகளைக் கடந்து சுமார் 30 கிலோமீற்றர் சென்றால் தனுஷ்கோடி. அதற்கும் இராமேசுவரத்துக்குமிடையே யாத்திரிகர்களை ஏற்றிச் செல்லும் படகொன்றை வைத்திருந்தவரின் மகனாக 1931ஆம் ஆண்டிலே பிறந்தவர் ஏ. பி. ஜே. அப்துல் கலாம். சந்திரனைச் சுற்றிவர ஒரு கலத்தை அனுப்ப இந்தியா திட்டமிட்ட காலத்தில், சுற்றிப் பார்ப்பதோடு நின்றுவிடாமல் சிறியதொரு பெட்டியையேனும் சந்திரனின் தரையிலே விழச் செய்யவேண்டும் என்று யோசனை கூறியவர் அவரே. அந்தக் கலமாகிய சந்திரயான் 1இன் திட்ட இயக்குநராக விளங்கியவர், பொள்ளாச்சிக்கு அருகேயுள்ள கோதவாடி என்னும் கிராமத்திலே பிறந்து, அரசுப் பள்ளியிலே தமிழில் படித்து முன்னேறிய மயில்சாமி அண்ணாதுரை. இவ்விரு தமிழர்களின் பெயரை நான் முதலிலே சொல்வது குலப்பெருமை பேசுவதற்காக அன்று. கடற்கரைக் கிராமத்துக்கும் கொங்குநாட்டுச் சிற்றூருக்கும் எட்டாத சாஸ்திரம் என்று ஒன்று இல்லை என்பதை நமது பிள்ளைகள் அறியவேண்டும் என்பதற்காகவே.

சந்திரனிலே தண்ணீர் உண்டென்ற எண்ணம் புதியதன்று. தொலைநோக்கியின் ஆரம்ப காலத்திலே, அதன் முகத்திற் காணப்படும் கரிய பரப்புகளைச் சமுத்திரங்கள் என்று எண்ணியோர் இருந்தனர். 1651ஆம் ஆண்டிலே இத்தாலியப் பாதிரியாராகிய ரிச்சியோலி வெளியிட்ட வரைபடத்தில் அவற்றுக்குச் சூட்டிய கடற்பெயர்கள் இன்றைக்கும் வழங்குகின்றன. 1969ஆம் ஆண்டு ஜூலை மாதம் மனிதன் முதன்முதலாக இறங்கியதும் அவற்றுள் ஒன்றாகிய அமைதிக் கடலிலேதான். ஆனால் அங்கே இருந்தது எரிமலைக் குழம்பு உறைந்த பாறையும் அதன் மேல் மூடிய தூளுமேயன்றி ஒரு துளி நீரும் அன்று. காற்று மண்டலம் இல்லாத அவ்வுலகத்தில், பகலிலே வெப்பம் 100 பாகை செல்சியசுக்கு மேலே ஏறுவதால், திறந்த வெளியிலே தண்ணீர் நிற்க வழியில்லை. ஆவியாகி வானத்திலே கலந்துவிடும்.

அப்பலோப் பிரயாணிகள் ஆறு முறை இறங்கி, மொத்தம் 382 கிலோகிராம் கல்லும் மண்ணும் கொண்டுவந்தனர். அந்த மண்ணை ஆராய்ந்தோருள் நமது நாட்டவர் ஒருவரும் இருந்தார். காலியிலே 1923இல் பிறந்து, சென்னைப் பல்கலைக்கழகத்திலே தத்துவ சாஸ்திரம் படித்து, பின்பு இரசாயனத்துக்குத் திரும்பி, உயிர் தோன்றிய வரலாற்றை ஆராய்வதிலே உலகப் புகழ் எய்திய சிறில் பொன்னம்பெருமதான் அவர். அமெரிக்க நாசா நிறுவனத்தின் ஏம்ஸ் ஆராய்ச்சி நிலையத்திலே சந்திர மண்ணில் உயிர்க்குரிய காபன் சேர்க்கைகள் உண்டோ என்று தேடிய அவருக்கு உயிரின் சுவடு எதுவும் கிடைக்கவில்லை. தண்ணீரைத் தேடியவர்களுக்கும் அதுவே அனுபவம். சில கற்களிலே அற்ப ஈரம் தென்பட்டபோதும், பெட்டிகளின் மூடி சரியாகப் பொருந்தாமையால் பூமியின் காற்றுப் புகுந்து உண்டான ஈரம் அது என்று தள்ளிவிட்டார்கள். சந்திரன் எலும்பைப் போல உலர்ந்தது என்ற அபிப்பிராயம் நாற்பது ஆண்டுகள்வரை அசையாமல் நின்றது.

அந்த அபிப்பிராயத்துக்கு மாறாக இரண்டு குரல்கள் எழுந்திருந்தன, கேட்பாரில்லை. முதலாவது குரல், மனிதன் சந்திரனுக்குப் போகுமுன்னரே, 1961ஆம் ஆண்டிலே வட்சன், மறி, பிரௌண் என்னும் மூவர் எழுதிய கட்டுரை. பூமியின் அச்சு இருபத்துமூன்றரைப் பாகை சரிந்திருக்கச் சந்திரனின் அச்சோ ஒன்றரைப் பாகையளவே சரிந்திருப்பதால், துருவங்களை அடுத்த ஆழமான பள்ளங்களின் அடித்தளத்திலே சூரிய ஒளி ஒருபோதும் படுவதில்லை. அங்கே எப்போதாவது தண்ணீர் ஆவி சென்று சேர்ந்தால் அது உறைந்து, கோடிக்கணக்கான ஆண்டுகள் அப்படியே கிடக்கும் என்று அவர்கள் கணித்தார்கள். இரண்டாவது குரல் சோவியத் நாட்டிலிருந்து வந்தது. 1976இலே லூனா 24 என்னும் ஆளில்லாக் கலம் 170 கிராம் மண்ணை எடுத்து வந்தது. அதனை ஆராய்ந்தோர் எடையில் ஆயிரத்திலொரு பங்கு தண்ணீர் இருப்பதாக 1978இலே ருஷ்ய மொழியில் எழுதினார்கள். பனிப்போர்க் காலத்திலே அந்த ஏட்டை மேற்கு நாட்டு விஞ்ஞானிகள் புரட்டிப் பார்த்ததாகத் தெரியவில்லை. அறிவு ஒரு பாஷையிலே எழுதப்பட்டு மற்றொரு பாஷைக்காரரின் காதை எட்டாமல் முப்பது ஆண்டுகள் வீணே கிடந்ததை எண்ணும்போது மனம் வருந்துகிறது.

1994இலே அமெரிக்காவின் கிளமென்டைன் கலம் தென்துருவத்தை நோக்கி அனுப்பிய வானொலி அலைகள் பனிக்கட்டியின்மேற் பட்டு மீண்டதுபோலத் தோன்றின. 1998இலே லூனார் புரொஸ்பெக்டர் என்னும் கலம் இரு துருவங்களிலும் ஐதரசன் மிகுந்திருப்பதைக் கண்டது. ஐதரசன் இருந்தால் அது தண்ணீரின் அங்கமாகவே இருக்கவேண்டும் என்பதில்லையாதலால் வழக்கு முடியவில்லை. 2008ஆம் ஆண்டு ஜூலையிலே, பிரௌண் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த அல்பேட்டோ சால் என்பவரும் அவருடைய குழுவினரும், அப்பலோப் பிரயாணிகள் கொண்டுவந்த எரிமலைக் கண்ணாடி மணிகளைப் புதிய கருவிகளால் மறுபடி சோதித்து, சந்திரனின் உட்புறத்திலிருந்தே வந்த தண்ணீரின் சுவடு அவற்றிலே இருப்பதை நிறுவினார்கள். இப்படி ஐயமும் நம்பிக்கையும் சமமாக நின்ற வேளையிலேதான் சந்திரயான் புறப்பட்டது.

2008ஆம் ஆண்டு ஒக்டோபர் 22ஆந் திகதி காலை, ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து எழுந்த அந்தக் கலம் பதினொரு உபகரணங்களைச் சுமந்து சென்றது. ஐந்து இந்தியாவினுடையவை, ஆறு பிற நாடுகளுடையவை. நவம்பர் 14ஆந் திகதி இரவு, கலாம் விரும்பிய பெட்டி, சுமார் 35 கிலோகிராம் எடையுடன், பக்கங்களிலே இந்தியக் கொடி தீட்டப்பட்டு, தாய்க்கலத்திலிருந்து பிரிந்து, 25 நிமிட நேரம் கீழே இறங்கி, தென்துருவத்தையடுத்த ஷக்கிள்டன் பள்ளத்தின் அருகே மோதி அழிந்தது. அழிவதற்கென்றே அனுப்பப்பட்ட அந்தப் பெட்டிக்குள்ளே திருவனந்தபுரத்திலே செய்யப்பட்ட திணிவு நிறமாலைமானி ஒன்று இருந்தது. அணுத்திரள்களை எடைபோட்டு இன்னவை என்று சொல்லவல்ல அக்கருவி, இறங்கும் வழியெல்லாம் சந்திரனைச் சூழ்ந்த மிக மெல்லிய வாயுவிலே தண்ணீரின் எடைக்குரிய குறியைப் பதிவு செய்துகொண்டே சென்றது. ஸ்ரீதரன் என்னும் விஞ்ஞானியின் தலைமையில் அந்தக் குழு தன் முடிபை 2010இலே வெளியிட்டது. அதற்குள் வேறொரு கருவியின் முடிபு உலகமெங்கும் பரவிவிட்டது. முதலிலே கண்டவர் யார், முதலிலே நிலைநாட்டியவர் யார் என்ற வாதம் அப்போது எழுந்தது. இரண்டு கருவிகளும் ஒரே கலத்திலே சென்றவையாதலால் எனக்கு அந்த வாதம் அவசியமாகத் தோன்றவில்லை. ஆயினும் கண்டதைத் தாமதியாமல் எழுதி வெளியிடுவதும் விஞ்ஞானியின் கடமைகளுள் ஒன்று என்பதை அது உணர்த்திற்று.

அந்த மற்றக் கருவி, அமெரிக்கா கொடுத்தனுப்பிய சந்திரக் கனிப்பொருள் வரைபடக் கருவி. பிரௌண் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கார்லி பீற்றர்ஸ் அம்மையார் அதற்குப் பொறுப்பாளர். சந்திரன்மேல் விழும் சூரிய ஒளி மீண்டும் வானத்துக்குத் தெறிக்கும்போது, அங்குள்ள ஒவ்வொரு கனிப்பொருளும் தனக்குரிய சில நிற ஒளிகளை உறிஞ்சிக்கொண்டு எஞ்சியவற்றையே விடுகின்றது. கண்ணுக்குத் தெரியாத செங்கீழ் ஒளியிலே, ஏறக்குறைய 3 மைக்ரோமீற்றர் அலைநீளத்தில் ஒளி குறைந்திருந்தால், அங்கே தண்ணீரோ, அல்லது ஓர் ஒட்சிசன் அணுவும் ஓர் ஐதரசன் அணுவும் சேர்ந்த ஐதரொட்சைலோ இருக்கின்றதென்று கொள்ளலாம். துருவங்களை நோக்கிச் செல்லச் செல்ல அந்தக் குறைவு கூடிக்கொண்டே போவதைக் கருவி காட்டியபோது, பீற்றர்ஸ் அம்மையார் முதலிலே கருவியைத்தான் சந்தேகித்தார். ஊருக்குச் செய்தி சொல்ல ஓடாமல், 1999இலே சனிக்கிரகத்தை நோக்கிச் சென்ற வழியில் சந்திரனைக் கடந்த கசீனி கலத்தின் பழைய பதிவுகளையும், 2009 ஜூனிலே சந்திரனைப் பார்த்த டீப் இம்பக்ட் கலத்தின் புதிய பதிவுகளையும் ஒத்துப்பார்க்கச் செய்து, மூன்றும் ஒன்றையே சொல்கின்றன என்று தெளிந்த பின்னர், 2009 செப்டெம்பர் 24ஆந் திகதி, மூன்று கட்டுரைகளையும் ஒருங்கே உலகம் காணும்படி செய்தார். இந்த நிதானத்தையே நான் இக்கதையின் மிக உயர்ந்த பகுதி என்று கருதுகிறேன். தன் கண்ணையே சந்தேகிக்கக் கற்றவர்தான் விஞ்ஞானி.

சந்திரயான் அந்தச் செய்தியைக் கேட்க இருக்கவில்லை. இரண்டு ஆண்டுகள் உழைக்க வேண்டியிருந்த கலம், வெப்ப மிகுதியால் உறுப்புகள் ஒவ்வொன்றாகப் பழுதாகி, 312 நாட்களில், ஓகஸ்ட் மாத இறுதியிலே பூமியோடு தொடர்பை இழந்தது. அதன் பின் சில வாரங்களில், ஒக்டோபர் 9ஆந் திகதி, அமெரிக்கர்கள் தமது ரொக்கெட்டின் வெற்றுடலை கபேயஸ் என்னும் நிரந்தர இருட்டுப் பள்ளத்திலே மோதச் செய்து, அதனால் எழுந்த தூளை, பின்னாலேயே சென்ற எல்குரொஸ் என்னும் கலத்தைக்கொண்டு ஆராய்ந்தார்கள். சுமார் 155 கிலோகிராம் தண்ணீர் அந்தத் தூளோடு எழுந்ததாகவும், அவ்விடத்து மண்ணில் நூற்றுக்கு ஐந்து அல்லது ஆறு பங்கு தண்ணீரே என்றும் கணித்தார்கள். 1961ஆம் ஆண்டின் கணிப்பு அன்றைக்கு மெய்யாயிற்று.

ஆனால் தண்ணீர் என்றதும் நாம் எண்ணுவது ஒன்று. அங்கே இருப்பது வேறொன்று. சந்திரனின் திறந்த வெளியிலே உள்ளது குடிக்கும் நீரன்று. சூரியனிலிருந்து ஓயாமல் வீசும் ஐதரசன் கருக்கள், மண்ணிலுள்ள ஒட்சிசனோடு கூடி, மண் தூளின் மேலே படிய வைத்த மெல்லிய பூச்சு. சந்திரயான் கண்ட அந்தப் பூச்சிலே, ஒரு தொன் மேல்மண்ணைக் கூட்டி அள்ளினாலும் ஒரு லீற்றர் அளவுக்கு மேல் கிடைக்காது. 2020ஆம் ஆண்டிலே, ஆகாய விமானத்திலே பொருத்திய சோபியா தொலைநோக்கியால் கிளேவியஸ் பள்ளத்தைப் பார்த்தவர்கள், 6 மைக்ரோமீற்றர் அலைநீளத்திலே ஐதரொட்சைலோடு மயங்காத மெய்யான தண்ணீரின் குறியைக் கண்டார்கள். அதுவும் ஒரு கன மீற்றர் மண்ணுக்கு 355 மில்லிலீற்றர் அளவுதான். சகாராப் பாலைவனத்திலே இதைப்போல நூறு மடங்கு ஈரம் உண்டு என்று அவர்களே சொன்னார்கள். மெய்யான சேமிப்பு துருவப் பள்ளங்களிலேதான் உள்ளது. உப்பளத்திலே வெயில் நீரைக் கவர்ந்து உப்பை விட்டுச் செல்வதுபோல, சந்திரனிலே வெயில் எட்டும் இடமெல்லாம் தண்ணீர் ஓடிப்போக, வெயில் எட்டாத மூலைகளிலே மட்டும் அது தங்கி உறைந்தது. அப்பள்ளங்கள் சிலவற்றின் குளிர், பூச்சியத்துக்குக் கீழே 240 பாகைக்கும் அதிகம். சந்திரயான் 1 சுமந்து சென்ற ராடார் ஒன்று வடதுருவத்திலே நாற்பதுக்கு மேற்பட்ட சிறு பள்ளங்களில் 60 கோடி தொன்னுக்குக் குறையாத பனிக்கட்டி இருக்கக்கூடும் என்று மதிப்பிட இடந்தந்தது. 2018இலே ஷுவாய் லீ என்பவர், சந்திரயானின் பழைய பதிவுகளையே மறுபடி ஆராய்ந்து, சில துருவப் பள்ளங்களின் மேற்பரப்பிலேயே பனி வெளிப்பட்டுக் கிடப்பதை நிறுவினார். கலம் மௌனமாகி ஒன்பது ஆண்டுகளுக்குப் பின்னரும் அதன் சாட்சியம் பேசிற்று.

2023ஆம் ஆண்டு ஓகஸ்ட் 23ஆந் திகதி சந்திரயான் 3 தென்துருவத்தை நோக்கிய பிரதேசத்திலே மெல்ல இறங்கியது. விழுப்புரத்தைச் சேர்ந்த வீரமுத்துவேல் அதன் திட்ட இயக்குநர். அந்தத் தரையிறக்கத்தைப் பழகுவதற்கு வேண்டிய செயற்கைச் சந்திர மண், நாமக்கல் மாவட்டத்துச் சித்தம்பூண்டி, குன்னமலை என்னும் ஊர்களின் பாறைகளை அரைத்துச் செய்யப்பட்டது. சந்திரனின் மேட்டுநிலப் பாறையோடு இனமான அனோதசைற்று என்னும் பாறை அங்கே இயற்கையாகக் கிடைப்பதே காரணம். இறங்கிய கலம் மண்ணுக்குள்ளே ஒரு வெப்பமானியைச் செலுத்தியபோது, மேற்பரப்பிலே 50 பாகைக்கு மேலிருந்த வெப்பம், எட்டுச் சென்ரிமீற்றர் ஆழத்திலேயே பூச்சியத்துக்குக் கீழே 10 பாகையாக இறங்கியிருந்தது. ஒரு சாண் ஆழங்கூட இல்லை. சந்திர மண் அவ்வளவு திறமாக வெப்பத்தைத் தடுக்கின்றது என்பதால், துருவத்தைச் சேர்ந்த சரிவுகளிலே, நிரந்தர இருட்டில்லாத இடங்களிலும், சிறிது தோண்டினால் பனி இருக்கலாம் என்ற நம்பிக்கை இப்போது எழுந்திருக்கின்றது.

இனி, அந்தத் தண்ணீரைக்கொண்டு என்ன செய்வது? குடிக்கலாம் என்பது எல்லோருக்கும் தோன்றும் விடை. மின்சாரத்தைச் செலுத்திப் பிரித்தால், ஒன்பது கிலோகிராம் தண்ணீரிலிருந்து எட்டுக் கிலோகிராம் ஒட்சிசனும் ஒரு கிலோகிராம் ஐதரசனும் கிடைக்கும், ஒட்சிசனைச் சுவாசிக்கலாம், இரண்டையும் திரவமாக்கி மறுபடி சேர்த்து எரித்தால் ரொக்கெட் எரிபொருள் ஆகும். பூமியின் பிடியிலிருந்து விடுபட விநாடிக்கு 11.2 கிலோமீற்றர் வேகம் வேண்டும்; சந்திரனிலிருந்து விடுபட 2.4 கிலோமீற்றர் போதும். அப்பலோப் பிரயாணிகளை ஏற்றிச் சென்ற சற்றேண் 5 ரொக்கெட் புறப்படும்போது சுமார் 2900 தொன் எடையுள்ளது; அதிலே சந்திரனை நோக்கிச் சென்றது 50 தொன்னுக்கும் குறைவு; மற்றதெல்லாம் பெரும்பாலும் வழியிலே எரிந்துபோன எரிபொருள். ஆகவே பூமியிலிருந்து சுமந்து செல்லாமல் போகுமிடத்திலேயே கிடைப்பதைக் கொண்டு வாழலாம் என்ற எண்ணம் விஞ்ஞானிகளைக் கவர்ந்ததிலே வியப்பில்லை. நமது நாட்டை 1956 முதல் தமது இல்லமாகக் கொண்டு வாழ்ந்த ஆதர் சி. கிளார்க், 1950ஆம் ஆண்டிலேயே, சந்திரனிலிருந்து பொருள்களை மின்காந்த விசையால் வானத்துக்கு ஏவலாம் என்று கணக்கிட்டு எழுதியவர். இன்றைக்குச் செயலிலே காட்டப்பட்டது சிறிதேயாயினும் மெய்யானது: 2021 முதல் 2023 வரை, செவ்வாயிலே பெர்சிவியரன்ஸ் ஊர்தியிலிருந்த மொக்சி என்னும் பெட்டி, அங்குள்ள கரியமில வாயுவிலிருந்து மொத்தம் 122 கிராம் ஒட்சிசனைப் பிரித்தெடுத்தது. வேறோர் உலகத்தின் பொருளிலிருந்து மனிதன் சுவாசத்துக்குரியதைச் செய்தது அதுவே முதல் முறை.

இங்கே என் அபிப்பிராயத்தை ஒளிக்காமல் சொல்ல விரும்புகிறேன். குடித்த தண்ணீர் எங்கும் போய்விடுவதில்லை; சர்வதேச விண்வெளி நிலையத்திலே வியர்வை, மூச்சு, சிறுநீர் ஆகியவற்றிலிருந்து நூற்றுக்கு 98 பங்கு தண்ணீரைத் திரும்பப் பெறும் நிலையை 2023இலே எய்திவிட்டார்கள். எரித்த தண்ணீரோ புகையாகி வானத்திலே சிதறிவிடும், திரும்பாது. இருட்டுப் பள்ளங்களிலுள்ள பனி, நூறு கோடி ஆண்டுகளுக்கும் மேலாக, வால்மீன்களும் விண்கற்களும் எரிமலைகளும் சிறுகச் சிறுகக் கொடுத்துச் சேர்ந்தது. அடுக்கடுக்காகக் கிடக்கும் அந்தப் பனியிலே பூமிக்குத் தண்ணீர் எங்கிருந்து வந்தது என்ற வரலாறும் எழுதப்பட்டிருக்கக் கூடும். அதனைப் படிப்பதற்கு முன்பே உருக்கி, பிரித்து, எரித்துவிடுவது, ஏட்டுச் சுவடியை வாசிக்காமல் அடுப்பிலிடுவதாகும். மனிதர் தங்கி வாழவும் ஆராயவும் வேண்டிய அளவுக்கு எடுப்பதை நான் மனமார வரவேற்கிறேன். வியாபாரத்துக்காக எரிபொருள் ஆலை வைப்பதைப் பற்றி, எவ்வளவு இருக்கின்றது என்று துளையிட்டுப் பார்த்து அளந்த பின்னரே பேசவேண்டும்.

அளக்காமல் குத்தகை பேசியதன் பலனை இந்தக் கடற்கரை ஒருமுறை கண்டிருக்கின்றது. அரிப்பு, சிலாபத்துறைக்கு எதிரேயுள்ள முத்துப்பார்களின் செல்வம் பண்டைக்காலந்தொட்டுப் பிரசித்தமானது. போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் ஆங்கிலேயரும் அதன்மேல் கண்வைத்தனர். முத்துக்குளிப்பை மேற்பார்வையிடவென்றே தேசாதிபதி நோர்த் அரிப்பிலே கட்டிய மாளிகையின் இடிந்த சுவர்கள் கடலரிப்புக்கு இரையாகி நிற்கின்றன. கீழக்கரையிலிருந்தும் அரபு நாடுகளிலிருந்தும் வந்த குளிகாரர் உயிரைப் பணயம் வைத்து மூழ்கி எடுத்த சிப்பிகளிலே மூன்றில் இரண்டு பங்கு அரசாங்கத்துக்கு, ஒரு பங்கு அவர்களுக்கு. 1905ஆம் ஆண்டிலே எட்டுக் கோடிக்கு மேற்பட்ட சிப்பிகள் கிடைத்தன. அந்தப் பெருவிளைவைக் கண்டு மயங்கி, 1906இலே லண்டன் கம்பனி ஒன்று முத்துப்பார்களை 20 ஆண்டுக் குத்தகைக்கு எடுத்தது. 1907க்குப் பின் பல ஆண்டுகள் சிப்பி இல்லை. குத்தகைக் காலத்திலே பாதி கழியுமுன் கம்பனி கலைந்தது. முத்துப்பார் இயற்கையாகவே சில காலம் விளைந்து சில காலம் வறளும் இயல்புடையதென்பது உண்மைதான். பேராசிரியர் ஹேட்மன் போன்றோர் அதற்கு முன்னரே வந்து ஆராயவும் செய்தனர். ஆயினும் கடலின் கணக்கு முற்றாகத் தெரியுமுன்பே காகிதத்திலே கணக்கு எழுதிவிட்டார்கள். குளிகாரரின் பிழைப்பும் கரையோரத்துச் சந்தையும் அதனோடு ஒடுங்கின. விண்கற்களிலே உலோகமும் நீரும் எடுக்கப்போவதாக 2012இலே பெரும் ஆரவாரத்தோடு தோன்றிய அமெரிக்கக் கம்பனி ஒன்று, ஒரு கல்லையும் தொடாமலே 2018இல் வேறொருவர் கைக்கு மாறியதை நோக்கும்போது, இந்த நாடகம் வானத்திலும் தொடங்கிவிட்டதென்றே தோன்றுகின்றது.

யார் எடுக்கலாம் என்ற கேள்விக்கு 1967ஆம் ஆண்டின் விண்வெளி உடன்படிக்கை பாதி விடையே தருகின்றது. சந்திரனை எந்த நாடும் தன் உடைமையென உரிமை கோரலாகாது. அதனை ஆராய்வதும் பயன்படுத்துவதும் மனித குலம் முழுவதற்கும் உரியன என்று அது விதிக்கின்றது. நிலம் யாருக்கும் சொந்தமில்லை. நிலத்திலிருந்து எடுத்த பனி எடுத்தவருக்குச் சொந்தமா என்பதற்கு அதிலே நேரான வாசகம் இல்லை. 2015இலே அமெரிக்கா, எடுத்தவருக்கே சொந்தம் என்று தன் பிரஜைகளுக்குச் சட்டம் இயற்றியது. 2017இலே லக்சம்பேர்க் தொடர்ந்தது. சந்திரனின் செல்வம் மனித குலத்தின் பொதுச் சொத்து என்று கூறும் 1979ஆம் ஆண்டின் சந்திர உடன்படிக்கையை, ஆட்களைச் சந்திரனுக்கு அனுப்பவல்ல எந்த வல்லரசும் ஏற்கவில்லை. இந்தியா கையொப்பமிட்டு, உறுதிப்படுத்தாமல் விட்டது. 2020இலே அமெரிக்கா முன்னின்று வகுத்த ஆட்டமிஸ் இணக்கங்களிலே இந்தியா 2023 ஜூனில் சேர்ந்தது. சீனாவும் ருஷ்யாவும் வேறு அணியாக நிற்கின்றன. பனி இருக்கும் பள்ளங்களும், அவற்றின் விளிம்பிலே ஏறக்குறைய எப்போதும் வெயில் படுகின்ற சிகரங்களும் மிகச் சிலவே. எல்லோருடைய கண்ணும் அந்தச் சில இடங்களின் மேலேயே இருக்கின்றது.

சிறிய நாட்டுக்கு இதிலே என்ன பேச்சு என்று எண்ணுவோருக்கு ஒரு வரலாற்றை நினைவூட்டுகிறேன். ஆழ்கடலின் அடித்தளத்துச் செல்வத்தை வலியவர்கள் பங்கிட்டுக்கொள்ள முனைந்த காலத்திலே, ஐக்கிய நாடுகளின் கடற்படுகைக் குழுவுக்குத் தலைவராகவும், 1973 முதல் 1980இலே மறையும்வரை கடற்சட்ட மாநாட்டின் தலைவராகவும் இருந்து வழிநடத்தியவர் இலங்கையின் ஷேர்லி அமரசிங்க. அவர் உழைப்பின் மேலே எழுந்த 1982ஆம் ஆண்டுச் சமவாயம், நாடுகளின் எல்லைக்கு அப்பாற்பட்ட கடற்படுகையை மனித குலத்தின் பொதுச் சொத்தென விதித்தது. உரிமம் கொடுப்பதற்கு ஓர் அதிகாரசபையையும் யமெய்க்காவிலே நிறுவியது. பெரிய கப்பற்படை இல்லாத நாடு கடலுக்குச் சட்டம் வகுக்க உதவியது என்றால், ரொக்கெட் இல்லாத நாடு சந்திரனுக்குச் சட்டம் வகுக்க உதவ இயலாதா?

அதற்குரிய சபை இப்போதே கூடிக்கொண்டிருக்கின்றது. விண்வெளியின் சமாதானப் பயன்பாட்டுக்கான ஐக்கிய நாடுகளின் குழுவிலே இலங்கை 2015 முதல் அங்கத்துவம் பெற்றிருக்கின்றது. அக்குழுவின் சட்ட உபகுழு 2021இலே அமைத்த செயற்குழு, விண்வெளி வளங்களைப் பயன்படுத்துவதற்குரிய பூர்வாங்கக் கோட்பாடுகளை 2027ஆம் ஆண்டளவிலே வகுத்து முடிக்க வேண்டியிருக்கின்றது. அந்தச் சபையிலே நமது பிரதிநிதிகள் வாய்மூடி இராமல், முதலில் அளவீடு, பின்னர் பகிர்வு விதி, அதன் பின்னரே எடுப்பு என்ற ஒழுங்கை வற்புறுத்த வேண்டும். எடுத்தவர் எவராயினும் எடுத்த அளவையும் இடத்தையும் உலகுக்குப் பகிரங்கமாக அறிவிக்கக் கடமைப்பட்டவர் என்ற விதியைக் கேட்டுப் பெறவேண்டும். மன்னாரிலே விஞ்ஞானம் படிப்பிக்கும் ஆசிரியர்களுக்கும் ஒரு வேண்டுகோள் உண்டு. சந்திரயான் 1இன் கனிப்பொருள் வரைபடப் பதிவுகள் இன்றைக்கு இணையத்திலே யாவருக்கும் இலவசமாகத் திறந்திருக்கின்றன. ஷுவாய் லீ 2018இலே பனியைக் கண்டதும் அந்தப் பதிவுகளைக் கொண்டே. உயர்தர வகுப்பு மாணவர் சிலரையேனும் கணினி முன்னே அமர்த்தி, அவற்றைத் திறந்து காட்டுங்கள்.